அறிஞர் ஹோமி பாபா

விறகு எரிய வெப்பம் பிறக்கிறது. பொருள் வேறு, ஆற்றல் வேறு என்றே உலகம் நெடுங்காலம் எண்ணியிருந்தது. 1905 ஆம் ஆண்டில் ஐன்ஸ்டீன் என்னும் பேரறிஞர், அவ்விரண்டும் ஒன்றன் இரு வடிவங்களே எனக் கணித்துக் கூறினார். பொருளின் நிறையை ஒளியின் வேகத்தால் இருமுறை பெருக்கின், அதனுள் அடங்கிய ஆற்றல் புலப்படும். ஒரு கிராம் பொருள் முழுதும் ஆற்றலாக மாறுமாயின், அஃது ஏறத்தாழ 2½ கோடி யூனிட் மின்சாரத்திற்கு ஈடாகும். இவ்விதியின் உண்மை விளங்கத் துணைநின்றோருள் நம் நாட்டவர் ஒருவரும் உளர். அவரே ஹோமி ஜஹாங்கீர் பாபா ஆவார்.

பாபா 1909 அக்டோபர் 30 ஆம் நாள் பம்பாயில் பிறந்தார். தம் மைந்தர் பொறியியல் கற்று ஜாம்ஷெட்பூர் இரும்பாலையில் பணிபுரிய வேண்டும் என்று தந்தையார் விரும்பினார். மைந்தரின் உள்ளமோ இயற்பியலில் தோய்ந்திருந்தது. பொறியியலில் முதல் வகுப்பில் தேறினால் விரும்பியதைக் கற்கலாம் எனத் தந்தையார் இசைந்தார். பாபாவும் 1930 இல் கேம்பிரிட்ஜில் அவ்வாறே தேறி, அதன் பின்னரே தாம் விழைந்த துறையிற் புகுந்தார்.

1932 இல் காக்கிராஃப்ட், வால்டன் என்னும் இருவர் அந்நகரிலேயே லித்தியத்தின் அணுக்கருவைப் பிளந்தனர். குறைந்த நிறையும் வெளிப்பட்ட ஆற்றலும் கணக்கில் ஒத்திருந்தன. பொருள் ஆற்றலாதல் மெய்யாயிற்று. மறுதலையாக, ஆற்றல் மிக்க கதிரிலிருந்து எலக்ட்ரானும் பாசிட்ரானும் இணையாகத் தோன்றுதலும் விரைவிற் புலனாயிற்று. ஆயினும், விண்ணினின்று வரும் அண்டக் கதிர்கள் காற்றிற் புகுந்ததும் துகள்களை மழைபோற் பொழிவது ஏன் என்பது தெளிவாகாதிருந்தது.

1937 இல் பாபாவும் ஹைட்லர் என்பாரும் அதனை விளக்கினர். விரைந்து வரும் எலக்ட்ரான், அணுக்கருவின் அருகே கதிரை வெளியிடும். அக்கதிர் ஓர் இணைத் துகளாக மாறும். அவை மீண்டும் கதிர்களை வெளியிடும். இங்ஙனம் ஒன்று பலவாகப் பெருகும். ஒகேனக்கல்லில் காவிரி பாறைகளிற் பட்டுப் பல அருவிகளாகப் பிரியினும் ஆற்று நீர் ஒன்றே அன்றோ? அதுபோல, துகள்கள் பலவாயினும் மொத்த ஆற்றல் மாறுவதில்லை.

1939 இல் விடுமுறைக்காகத் தாயகம் வந்த பாபா, உலகப் போர் மூண்டமையால் பெங்களூரில் இந்திய அறிவியற் கழகத்தில் ஆராய்ச்சியை மேற்கொண்டார். பின்னர்க் கேம்பிரிட்ஜ் திரும்பும் எண்ணத்தை விடுத்து, 1945 இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைத் தோற்றுவித்தார். அவ்வாண்டிலேயே ஹிரோஷிமா நகரம் அணுகுண்டால் அழிந்தது. ஐன்ஸ்டீன் கண்ட விதி ஆக்கத்திற்கோ அழிவிற்கோ என உலகம் கலங்கிற்று. 1955 இல் ஜெனீவாவில் அணுவின் ஆக்கப் பயன்களை ஆராய்ந்த உலக மாநாட்டிற்குப் பாபா தலைமை தாங்கினார். மறு ஆண்டில் டிராம்பேயில் அப்சரா அணு உலை இயங்கத் தொடங்கியது.

1966 சனவரி 24 ஆம் நாள் ஆல்ப்ஸ் மலையில் நிகழ்ந்த விமான விபத்தில் அவர் மறைந்தார். அவர் இட்ட வித்து மறையவில்லை. 1983 இல் இயங்கத் தொடங்கிய கல்பாக்கம் அணுமின் நிலையமும் அதன் விளைவே. யுரேனியத்தின் நிறையில் மிகச் சிறுபகுதி அங்கே வெப்பமாகி, மின்னொளியாக நம் இல்லங்களை அடைகிறது. அறிவு கண்ட உண்மையை அறம் வழிநடத்தல் வேண்டும் என்பதே பாபாவின் வாழ்வு உணர்த்தும் பாடமாகும்.