பிளேக் ஊசியை முதலில் தனக்கே போட்டுக்கொண்ட ஹாஃப்கின்: 19 பேர் இறந்தபின் அவருக்கு என்ன நடந்தது?

2021 கடைசியில் பெங்களூருவிலோ மைசூருவிலோ நீங்கள் படம் பார்க்கப் போயிருந்தால், டிக்கெட்டுக்கு முன்னாடி தடுப்பூசிச் சான்றிதழைத்தான் கேட்டிருப்பார்கள். தமிழ்நாட்டிலும் பொது இடத்துக்கு வர ஊசி போட்டிருக்க வேண்டும் என்று உத்தரவு இருந்தது. விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது. யாரையும் வற்புறுத்தி ஊசி போட முடியாது, ஆனால் பொது நலனுக்காக அரசு நியாயமான கட்டுப்பாடுகளை விதிக்கலாம் என்று 2022 மே 2-ம் தேதி தீர்ப்பு வந்தது.

இது கொரோனாவோடு பிறந்த சண்டை என்று நினைக்காதீங்க. சுமார் 125 ஆண்டுகளுக்கு முன்பு, பிளேக் பரவியபோதே இதே மண்ணில் இதே கேள்வி எழுந்தது. அதன் நடுவில் நின்றவர் வால்டெமார் ஹாஃப்கின்.

யார் இவர்?

1860-ல் ரஷ்யப் பேரரசில், இன்றைய யுக்ரேனின் தெற்குப் பகுதியில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ஒடெஸாவில் படித்தார். யூதர்கள் மீது கலவரக் கும்பல்கள் பாய்ந்தபோது தற்காப்புக் குழுவில் நின்றார், கைதும் ஆனார். 1888-ல் நாட்டை விட்டுக் கிளம்பி, அடுத்த ஆண்டு பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் சேர்ந்தார். கிடைத்த வேலை என்ன தெரியுமா? உதவி நூலகர். புத்தகம் அடுக்கிய நேரம் போக, ஆய்வுக்கூடத்தில் காலராவுக்குத் தடுப்பு மருந்து தேடினார். 1892-ல் அதைத் தன் உடம்பிலேயே செலுத்திக்கொண்டார்.

அடுத்த ஆண்டு கல்கத்தா வந்தார். 1894-ல் அங்குள்ள ஒரு குடிசைப் பகுதியில் இருந்த சுமார் 200 பேரில் 116 பேருக்கு ஊசி போட்டார். அதற்குப் பிறகு 10 பேருக்குக் காலரா வந்தது. 7 பேர் இறந்தார்கள். அத்தனை பேரும் ஊசி போடாதவர்கள்.

பிறகு பம்பாய்

1896-ல் பம்பாயில் பிளேக். ஹாஃப்கினுக்குக் கிடைத்தது கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஒரு அறையும் ஒரு தாழ்வாரமும், ஒரு எழுத்தரும் மூன்று பியூன்களும்தான். அதை வைத்துக்கொண்டே சில மாதங்களில் மருந்து தயார். 1897 ஜனவரி 10 அன்று முதல் ஊசி அவருக்கே. அதுவும் மற்றவர்களுக்குத் தரவிருந்த அளவைவிட அதிகம். காய்ச்சலும் வலியும் வாட்டின. ஆனால் எழுந்து நடமாடினார்.

அந்த மாதக் கடைசியில் பைகுலா சிறையில் பிளேக் வந்தது. முன்வந்த 147 கைதிகளுக்கு ஊசி போட்டார்கள், 172 பேர் போட்டுக்கொள்ளவில்லை. போடாதவர்களில் 12 பேருக்கு நோய் வந்து 6 பேர் இறந்தார்கள். போட்டவர்களில் இருவருக்கு நோய் வந்தது, யாரும் சாகவில்லை. கைதி முன்வந்தால் அது எவ்வளவு தூரம் அவன் சம்மதம் என்று இன்றைய மருத்துவ நெறிக் குழு கேட்டிருக்கும். அன்று யாரும் கேட்கவில்லை.

மக்கள் ஏன் பயந்தார்கள்?

ஊசியைப் பார்த்து மட்டும் இல்லை. ஊசிக்குப் பின்னால் நின்ற அரசாங்கத்தைப் பார்த்துத்தான். 1897-ல் வந்த தொற்றுநோய்ச் சட்டம் அதிகாரிகளுக்கு ஏறக்குறைய எதையும் செய்யும் அதிகாரத்தைக் கொடுத்தது. (கொரோனாவின்போது உங்களை வீட்டில் உட்கார வைத்ததில் அதே சட்டத்துக்கும் பங்கு உண்டு.) புனேயில் சிப்பாய்கள் வீடு புகுந்து சோதனை போட்டார்கள். பெண்களைப் பரிசோதித்தார்கள், ஆட்களை முகாமுக்கு இழுத்துப் போனார்கள். அந்தக் கோபத்தில்தான் 1897 ஜூன் 22 அன்று பிளேக் அதிகாரி ராண்டை சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள்.

வீட்டை இடிக்கிறது, ஆளைப் பிரிக்கிறது எல்லாவற்றையும்விட ஊசி நல்லது என்பது ஹாஃப்கின் கட்சி. அவரை நம்பிப் பொதுவெளியில் ஊசி போட்டுக்கொண்டு தன் சமூகத்தாருக்கு வழிகாட்டியவர் மூன்றாம் ஆகா கான். சட்டத்தால் ஆகாத காரியம் அந்த ஒரு கையால் ஆச்சு.

ஆனால் நிர்வாகம் வேறு வழியும் கண்டுபிடித்தது. பல ஊர்களில், ஊசிச் சான்றிதழ் இருந்தால் முகாமுக்குப் போக வேண்டாம் என்று சலுகை. கட்டாயம் இல்லை, போடாவிட்டால் கஷ்டம், அவ்வளவுதான். கேட்ட மாதிரி இருக்கா?

மைசூரு, கௌதள்ளி பக்கம் என்ன நடந்தது?

1898-ல் பிளேக் ரயிலேறி பெங்களூருவுக்கும் மைசூருவுக்கும் வந்தது. அன்று மைசூரு சமஸ்தானத்தின் திவான் சேஷாத்ரி ஐயர். பிளேக் ஆணையராக அமர்த்தப்பட்டவர் கும்பகோணத்தில் பிறந்த வி.பி. மாதவ ராவ். அந்த ஆண்டே ஸ்ரீரங்கப்பட்டணத்தை ஒட்டிய கஞ்சாமில், பிளேக் கெடுபிடிகளை எதிர்த்துக் கலவரம் வெடித்தது. அதே சமயம் ஹூப்ளியில் 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஊசி போட்டுக்கொண்டார்கள்.

மாதேஸ்வரன் மலைக்குப் போகும் பாதையில் உள்ள கௌதள்ளி அப்போது மைசூருவில் இல்லை. கொள்ளேகால் தாலுகாவே 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டம்தான். அதாவது சென்னை மாகாண எல்லை. அந்த மாகாணத்தில் பிளேக் பாஸ்போர்ட் முறை இருந்தது: நோய் உள்ள பகுதியிலிருந்து வருகிறவர் கையில் ஒரு சீட்டு, போய்ச் சேர்ந்த ஊரில் சில நாள் தினமும் ஆஜராக வேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு விதி, இந்தப் பக்கம் ஒரு விதி. கோயம்புத்தூருக்கும் பிளேக் போனது. அங்குள்ள பிளேக் மாரியம்மன் கோயிலை நீங்கள் பார்த்திருக்கலாம்.

ஒரு புட்டி, 19 உயிர்

1902-ல் பஞ்சாபில் பெரிய அளவில் ஊசித் திட்டம். தேவை கூடியதால், மருந்தில் கார்பாலிக் அமிலம் சேர்க்கும் பழைய வழக்கத்தை ஹாஃப்கினின் கூடம் விட்டது. பாஸ்டர் நிறுவனத்தில் இருந்ததைப்போல வெப்பத்தால் கிருமி நீக்கும் முறைக்கு மாறியது.

அக்டோபர் 30. மல்கோவால் என்ற கிராமம். 107 பேருக்கு ஊசி போட்டார்கள். ஒரே புட்டியிலிருந்து மருந்து பெற்ற 19 பேருக்கு டெட்டனஸ் வந்தது. 19 பேரும் இறந்தார்கள். மற்ற புட்டிகளில் போட்டவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

விசாரணை ஆணையம் பழியை ஆய்வுக்கூடத்தின் மீது போட்டது. ஹாஃப்கின் இடைநீக்கம் செய்யப்பட்டார். 1904-ல் இந்தியாவை விட்டே போனார். பஞ்சாபில் ஊசித் திட்டம் சுருண்டது. 1907-ல் ஒரே ஆண்டில் இந்தியாவில் பிளேக் சாவு 10 லட்சத்தைத் தாண்டியது.

உண்மை என்ன? புட்டியைத் திறக்கும் இடுக்கியை உதவியாளர் தரையில் போட்டுவிட்டார். அதைச் சரியாகக் கிருமி நீக்காமலே திரும்ப எடுத்துத் தக்கையைத் திறந்தார்கள். டெட்டனஸ் கிருமி பல நாள் வளர்ந்திருந்தால் மருந்து நாறும். திறந்தபோது எந்த நாற்றமும் இல்லை என்று ஊசி போட்ட மருத்துவரே சொல்லியிருந்தார். அப்படியானால் கிருமி புகுந்தது பம்பாயில் இல்லை, கிராமத்தில். லண்டன் லிஸ்டர் நிறுவனம் ஆராய்ந்தபோதும் இதே பக்கம்தான் சாய்ந்தது. மலேரியா ஆய்வுக்காக நோபல் பெற்ற ரொனால்ட் ராஸ் உள்ளிட்ட 10 விஞ்ஞானிகள் 1907-ல் லண்டன் பத்திரிகையில் கூட்டுக் கடிதம் எழுதினார்கள். பிரான்சின் டிரைஃபஸ் வழக்கோடு சிலர் இதை ஒப்பிட்டார்கள்: அங்கும் பழி சுமந்தவர் ஒரு யூதர்.

அந்த ஆண்டு நவம்பரில் அரசு அவரைக் குற்றமற்றவர் என்றது. ஐந்து வருஷம் போயிருந்தது.

இதை ஊசிக்கு ஆதரவான கதை என்று மட்டும் படிக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. மல்கோவால்காரர்கள் சந்தேகப்பட்டது தப்பு என்று சொல்ல முடியாது. கண்முன்னே 19 பேர் செத்தார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது உடனடியான, நேர்மையான பதில். அரசு கொடுத்ததோ ஒரு பலியாடு.

அதன் பிறகு?

ஹாஃப்கின் திரும்பி வந்தார், ஆனால் பம்பாய்க்கு இல்லை. அவர் கட்டிய கூடத்தில் வேறு இயக்குநர் உட்கார்ந்திருந்தார். கல்கத்தாவில் வேலை கொடுத்தார்கள். புதிய ஊசியை மனிதர்களிடம் சோதிக்க அனுமதி மட்டும் கிடைக்கவில்லை. 1914 வாக்கில் ஓய்வு பெற்றார்.

1925-ல் பம்பாய்க் கூடத்துக்கு ஹாஃப்கின் நிறுவனம் என்று பெயர் வைத்தார்கள். அதற்குள் அங்கிருந்து 2 கோடிக்கும் அதிகமான டோஸ் பிளேக் மருந்து வெளியே போயிருந்தது. கல்யாணம் செய்துகொள்ளாத ஹாஃப்கின், 1930 அக்டோபர் 26 அன்று சுவிட்சர்லாந்தின் லோசானில் இறந்தார்.