மாணிக்கவாசகர்: 'திருவாசகம்' சிம்பொனியில் கேட்கும் அழுகைக்குப் பின்னால் இருக்கும் கதை

2005-ல் இளையராஜா இசையில் வெளியான 'திருவாசகம்' ஆல்பத்தை ஒருமுறையாவது கேட்டிருப்பீர்கள். புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா வாசித்தது. சிம்பொனி என்றே பேர் வாங்கிவிட்டாலும், இசை வகைப்படி அது ஆரட்டோரியோ. அதாவது சமயப் பாடல்களைத் தனிக்குரல், கோரஸ், ஆர்கெஸ்ட்ரா மூன்றும் சேர்ந்து நிகழ்த்துவது, நடிப்பு இருக்காது.

ஆனால் அந்தப் பாட்டில் இவ்வளவு அழுகை ஏன்?

யார் இவர்?

மதுரைக்குப் பக்கத்தில் உள்ள திருவாதவூர்க்காரர். அதனால் வாதவூரர். 9-ம் நூற்றாண்டு என்பது ஆய்வாளர்கள் பலரின் கணக்கு. இனி வருவது திருவிளையாடற்புராணம் சொல்லும் கதை.

வாதவூரர் பாண்டிய மன்னனின் அமைச்சர். குதிரை வாங்க அரசுப் பணத்தோடு கிளம்பியவர், திருப்பெருந்துறையில் குருந்த மரத்தடியில் ஒரு குருவைப் பார்க்கிறார். அதோடு எல்லாமே மாறிப்போகிறது. கையிலிருந்த பணம் முழுக்கக் கோயிலுக்குப் போகிறது. அந்த இடம்தான் இன்றைய ஆவுடையார்கோயில், புதுக்கோட்டை மாவட்டம்.

மன்னன் சும்மா விடுவானா? சிறை, சுடுமணலில் தண்டனை. நரி பரியானது, வைகையில் வெள்ளம் வந்தது, வந்தியின் பிட்டுக்குச் சிவன் மண் சுமந்தது எல்லாம் இந்தக் கதையில்தான். கடைசியில் மன்னன் மனம் மாறுகிறான். ஆனாலும் வாதவூரர் பழைய வேலைக்குத் திரும்பவில்லை.

துக்கம் எங்கிருந்து வந்தது?

வேலை போனதற்காக அவர் அழவில்லை. குருவாக வந்த சிவன் மற்ற அடியார்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். இவரை மட்டும் விட்டுவிட்டார். தில்லைக்கு வா என்பது மட்டும்தான் கட்டளை. திருவாசகத்தின் 51 பகுதிகளில் பலவற்றில் இந்த ஏக்கம்தான் ஓடுகிறது. உத்தரகோசமங்கையில் பாடிய 'நீத்தல் விண்ணப்பம்' முழுக்க ஒரே கெஞ்சல்: கைவிட்டுவிடாதே. அழுதாலும் நம்பிக்கை போகவில்லை. திட்டுவதும் கோபிப்பதும்கூட, கேட்க ஒருவர் இருக்கிறார் என்ற தைரியத்தில்தான்.

கோரஸுக்கு எப்படிப் பொருந்தியது?

தனியாக அழுத அதே மனிதர், கூட்டமாகப் பாடவும் நிறைய எழுதினார். மார்கழியில் கோயில்களில் ஒலிக்கும் 20 பாடல் கொண்ட திருவெம்பாவை, பெண்கள் ஒருவரையொருவர் எழுப்பிப் பாடுவது. பொற்சுண்ணம் இடிக்கும் பாட்டு, அம்மானை, ஊசல் எல்லாமே பலர் சேர்ந்து பாடும் வடிவம். ஆக, தனிக்குரலும் கூட்டுக்குரலும் மேற்கிலிருந்து வந்து ஒட்டியவை அல்ல, மூலத்திலேயே இருந்தவை. இசையமைப்புக்கு 105 வருஷம் முன்பே, 1900-ல், ஜி.யு.போப் திருவாசகத்தை ஆங்கிலத்தில் கொண்டுபோயிருந்தார்.

கடைசியில் என்ன ஆனது?

சிதம்பரம் வந்து சேர்ந்தார். பிள்ளைச்சாவடியில் பஸ் ஏறினால் புதுச்சேரி, கடலூர் தாண்டி வரும் அதே ஊர். பாடல்களுக்கு என்ன பொருள் என்று தில்லைவாழ் அந்தணர்கள் கேட்க, நடராஜரைக் காட்டி, இவரே பொருள் என்று சொல்லி மறைந்தார் என்பது மரபு. ஆனி மகம் அவருடைய குருபூஜை நாள்.

அடுத்த முறை ஹெட்போனில் கேட்கும்போது தனிக்குரலைக் கவனியுங்கள். எல்லோரும் போன பிறகு தனியாக நின்றுவிட்ட ஒருவரின் குரல் அது. பின்னால் கோரஸ் எழும்போது, அவர் தேடிய கூட்டமும் வந்து சேர்ந்துவிடுகிறது.