உதைபந்தாட்ட ஆசிரியர் சையத் அப்துல் ரகீம்

கல்லூரியொன்றின் விழா மலரிலே அதனை நிறுவிய பெரியார்களையும் அதிபர்களையும் நினைந்து போற்றுதல் மரபு. அம்மரபிலிருந்து சிறிது விலகி, எம் கல்லூரியோடு யாதொரு தொடர்புமில்லாத ஓர் ஆசிரியரின் வரலாற்றை எழுத முற்படுகின்றோம். அவர் பிறந்ததும் வாழ்ந்ததும் மறைந்ததும் ஐதராபாத்து நகரத்தில். அவரது தாய்மொழி வேறு, சமயம் வேறு. எனினும், முள்ளியவளையில் உதைபந்தாடி வளர்ந்த எமக்கு, எம் இளமையை நினைக்குந்தோறும் அவர் வரலாறும் உடன் நினைவுக்கு வருகின்றது. அதன் காரணத்தை இறுதியிற் கூறுவோம்.

எம் காலத்து விளையாட்டினை முதலிற் சில சொற்களாற் குறிப்பிடுதல் வேண்டும். காலபோக அறுவடை முடிந்து சூடு வைத்தபின், அரிதாள் நின்ற வயலே எமக்கு மைதானம். பனை மட்டைகள் இரண்டினை நட்டால் அதுவே கோல். பந்தின் பிளாடர் வெடித்தால் துவிச்சக்கரவண்டிக் கடையில் ஒட்டுப்போட்டுக் கொள்வோம். வெறுங்காலால் ஆடினோம், அரிதாள் கிழித்த காயங்களோடு வீடு சென்று ஏச்சும் வாங்கினோம். இளைஞர் கழகம் ஒன்று இருந்தது; உற்சாகத்துக்குக் குறைவில்லை; பயிற்றுவார் ஒருவர்தாம் இல்லை. பந்தைத் தனியே கொண்டு நால்வரை வெட்டிச் செல்பவனே எமக்கு வீரன். பந்தைத் தோழனுக்குத் தட்டிக் கொடுப்பவனை யாம் பொருட்படுத்தியதில்லை. இக்குறை எத்தகையது என்பதை, சையத் அப்துல் ரகீம் அவர்களின் வரலாற்றைப் படித்த பின்னரே நன்கு உணர்ந்தோம்.

ரகீம் அவர்கள் 1909ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17ஆம் நாள் ஐதராபாத்தில் பிறந்தார். உசுமானியப் பல்கலைக்கழகத்திற் கற்றுப் பட்டம் பெற்றார். கல்வி பயின்ற நாளிலேயே உதைபந்தாட்டத்தில் ஈடுபாடு கொண்டு, கல்லூரி மாணவரும் பழைய மாணவரும் சேர்ந்தமைத்த குழுவிலும், பின்னர் நகரத்துக் கழகங்களிலும் ஆடினார். ஆயினும் ஆட்டக்காரராக அவர் பெரும்பெயர் ஈட்டியவரல்லர். பள்ளி ஆசிரியத் தொழிலை மேற்கொண்டு பல பாடசாலைகளிற் கற்பித்தார். பின்பு உடற்கல்வியிலும் பயிற்சி பெற்று, விளையாட்டுக்களைப் பயிற்றும் பொறுப்பையும் ஏற்றார். தாம் பெறாத புகழைத் தம் மாணாக்கர் பெறுவதிலே இன்பங் காண்பது நல்லாசிரியர் இயல்பன்றோ? அவ்வியல்பு அவரிடத்து நிறைந்திருந்தது.

1940களின் முற்பகுதியில் ஐதராபாத்து உதைபந்தாட்டச் சங்கத்தின் செயலாளர் பதவி அவரை வந்தடைந்தது. தாம் மறையும்வரை அதனை வகித்தார். சிறுவர்க்கென அவர் வகுத்த போட்டிகள் புதுமையானவை. பந்தை வெட்டிக்கொண்டு ஓடுதல் கூடாது, வந்த பந்தை உடனே தோழனுக்கு அனுப்புதல் வேண்டும் என்னும் விதியோடு ஒரு போட்டி. வலக்காற் பழக்கமுடையோர் இடக்காலாலேயே பந்தை உதைத்தல் வேண்டும் என்னும் விதியோடு மற்றொரு போட்டி. தனியொருவன் திறமையை அடக்குதல் அவர் கருத்தன்று. அத்திறமை பதினொருவருக்கும் பயன்படுமாறு வழிப்படுத்துதலே அவர் கருத்து. வலுக்குறைந்த காலுக்குப் பயிற்சியளித்தல் போலவே, வலுக்குறைந்த பிள்ளைக்கும் பயிற்சியளித்தல் வேண்டும் என்பது அவர் செய்கையால் விளங்கும் பாடம்.

இப்பயிற்சியின் பயன் விரைவில் வெளிப்பட்டது. அவர் பயிற்றிய ஐதராபாத்து நகரப் பொலிசுக் குழு, பம்பாயில் நடைபெற்றுவந்த ரோவர்சு கிண்ணத்தை 1950 முதல் 1954 வரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து வென்றது. கல்கத்தாவின் பெருங் கழகங்களே இந்திய உதைபந்தாட்டத்துக்குத் தலைமை பூண்டிருந்த அக்காலத்தில், தெற்கிலிருந்து எழுந்த இக்குழுவினரின் வெற்றி யாவரையும் வியப்பில் ஆழ்த்தியது. தரையோடு தரையாகச் செல்லும் குறும்பந்து வழங்கலும், பந்தில்லாத வேளையிலும் ஓயாது இடம்மாறி ஓடுதலும் அவர்தம் ஆட்டத்தின் சிறப்பியல்புகள்.

இந்திய தேசியக் குழுவின் பயிற்றுநர் பொறுப்பும் அவரை நாடி வந்தது. 1951ஆம் ஆண்டு தில்லியில் நடைபெற்ற முதலாவது ஆசிய விளையாட்டு விழாவில், சைலன் மன்னாவின் தலைமையில் ஆடிய இந்தியக் குழு, இறுதியாட்டத்தில் ஈரானை 1-0 என வென்று தங்கப் பதக்கம் பெற்றது. அடுத்த ஆண்டு எல்சிங்கி ஒலிம்பிக்கிலோ யூகோசிலாவியா இந்தியாவை 10-1 என்னும் கணக்கில் வீழ்த்தியது. குளிர்மிக்க அந்நாட்டின் ஈரத் தரையில் இந்திய வீரர் பலர் வெறுங்காலோடு ஆடினர். அத்தோல்வியின் பின்னரே இந்திய உதைபந்தாட்டச் சம்மேளனம் சப்பாத்து அணிதலைக் கட்டாயமாக்கிற்று. தோல்வி கண்ட ஆசிரியர் மனமுடைந்து ஒதுங்கினாரல்லர். உலகம் எவ்வாறு ஆடுகின்றது என்பதனைக் கண்ணாற் கண்டு, தாம் கற்க வேண்டியவற்றைக் கற்று மீண்டார். அக்காலத்தில் அங்கேரியக் குழுவினர் நடு முன்னணி வீரரைப் பின்னிழுத்து எதிரிகளை மயக்கும் உத்தியைக் கையாண்டு வந்தனர். ரகீம் அவர்களும் பழைய ஒழுங்கினைக் கைவிட்டுத் தம் குழுவைப் புதிய முறையில் அமைக்கலானார்.

நான்காண்டுகள் கழிந்தன. 1956ஆம் ஆண்டு மெல்பேண் ஒலிம்பிக்கில், சமர் பானர்சியின் தலைமையில் இந்தியக் குழு களமிறங்கியது. போட்டி நடத்தும் நாடாகிய அவுஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணிலேயே 4-2 என வென்றது. அவ்வாட்டத்தில் நெவில் டி சூசா மூன்று கோல் அடித்தார். ஒலிம்பிக் உதைபந்தாட்டத்தில் அரையிறுதிக்கு முன்னேறிய முதல் ஆசிய நாடு என்னும் பெருமை இந்தியாவுக்கு வாய்த்தது. அரையிறுதியில் எதிர்ப்பட்டது அதே யூகோசிலாவியா. முதற் கோலை இந்தியாவே அடித்ததாயினும், முடிவில் 4-1 எனத் தோற்றது. எனினும் பத்துக் கோல்களால் வீழ்ந்த குழு நான்காண்டுகளில் எத்துணைத் தூரம் நடந்து வந்துள்ளது என்பதை உலகம் கண்டது. அப்போட்டியில் இந்தியா பெற்றது நான்காம் இடம்.

ரகீம் அவர்கள் வளர்த்த வீரருள் இருவரைத் தமிழராகிய நாம் சிறப்பாக நினைத்தல் தகும். ஒருவர், 1936இல் செகந்தராபாத்தை அடுத்த அம்முகுடாவில் தமிழ்க் குடும்பத்திற் பிறந்த துளசிதாசு பலராமன். வறுமை மிக்க வீடு. மாநிலக் குழுவின் தெரிவுப் பயிற்சிக்கு ஆசிரியர் அழைத்தபோது, நாள்தோறும் நகரத்துக்கு வந்துபோக வழியில்லை என்றார் அவ்விளைஞர். துவிச்சக்கரவண்டியை வாடகைக்கு எடுத்து வருவதற்கான பணத்தை ஆசிரியர் தம் கையிலிருந்து கொடுத்தார். அந்தச் சிறுதொகையே பின்னர் இரண்டு ஒலிம்பிக் விழாக்களில் ஆடிய ஒரு பெருவீரரை நாட்டுக்கு அளித்தது. 2023இல் மறைந்த பலராமன் அவர்கள், தம் முதுமையிலும் இந்நிகழ்ச்சியை நன்றியோடு நினைவுகூர்ந்தனர். மற்றவர், பீற்றர் தங்கராசு. செகந்தராபாத்தின் இளைஞர் கழகங்களில் ஆடத் தொடங்கி, இராணுவத்தின் மதராசுப் படைப்பிரிவிற் சேர்ந்து, முன்னணி வீரராக ஆடியவர் பந்துகாப்பாளராக மாறினார். ஆசியாவின் தலைசிறந்த பந்துகாப்பாளருள் ஒருவரெனப் பெயர் பெற்றார்.

1960ஆம் ஆண்டு உரோமை ஒலிம்பிக்கில் இந்தியா பிரான்சுடன் 1-1 எனச் சமநிலை கண்டது. அங்கேரியிடம் 2-1 என்னும் சிறு வேறுபாட்டிலேயே தோற்றது. அக்குழுவில் ஆசிரியரின் புதல்வர் சாகித் அக்கீமும் இடம்பெற்றிருந்தார். ஆயினும் ஓர் ஆட்டத்திலேனும் களமிறங்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. மகன் என்பதற்காக இடமளித்தலும் இல்லை. மகன் என்பதற்காகக் குழுவிலிருந்து விலக்குதலும் இல்லை. தராசின் முள்போல் நடுநின்ற அந்நேர்மையைத் தெரிவுக் குழுக்களில் அமர்வோர் நினைவிற் கொள்வாராக.

இனி அவர் வாழ்வின் இறுதிக் கட்டம். அந்நாளில் நுரையீரற் புற்றுநோய் அவரை அரித்துக்கொண்டிருந்தது. நோயோடு நோயாகவே 1962ஆம் ஆண்டு யக்கார்த்தாவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவுக்குத் தம் குழுவை ஆயத்தஞ் செய்தார். முதலாட்டத்தில் தென் கொரியாவிடம் 2-0 எனத் தோல்வி. தாய்லாந்தை 4-1 என வென்ற ஆட்டத்தில், பின்னணி வீரர் சர்ணைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையலிட நேர்ந்தது. அடுத்து யப்பானை 2-0 என வென்று, அரையிறுதியில் தென் வியட்நாமை 3-2 எனக் கடந்தது குழு. தலைக்காயத்தோடு பின்னணியில் ஆடவியலாத சர்ணைலை முன்னணிக்கு மாற்றினார் ஆசிரியர். அவரோ அரையிறுதியிலும் இறுதியிலும் கோல் அடித்தார்.

செப்டெம்பர் 4ஆம் நாள் இறுதியாட்டம். எதிரி, மீண்டும் தென் கொரியா. இசுரேலையும் தைவானையும் விழாவுக்கு அனுமதியாமை குறித்து இந்தியப் பிரதிநிதியொருவர் கூறிய கண்டனத்தால் அந்நகர மக்கள் இந்தியர்மீது சினங் கொண்டிருந்தனர். அரங்கில் இலட்சம் பேர் வரை கூடி எதிராகக் கூச்சலிட்டனர். அவருள் இந்தியக் குழுவுக்காக ஆரவாரித்தோர், பாகிஸ்தானின் கொக்கிக் குழுவினர் போன்ற சிலரே. தங்கராசு காய்ச்சலால் வாடியிருந்தும் கோலைக் காக்க வந்து நின்றார். சுனி கோசுவாமியின் தலைமையிலே இந்துக்களும் முசுலிம்களும் சீக்கியரும் கிறித்தவரும், வங்காளியும் பஞ்சாபியும் மலையாளியும் தமிழரும் ஒரே குழுவாய் ஆடினர். முதல் இருபது நிமிடத்துக்குள் பி. கே. பானர்சியும் சர்ணைலும் ஆளுக்கொரு கோல் அடித்தனர். ஆட்டத்தின் கடைசிக் கட்டத்திலேயே கொரியா ஒரு கோல் திருப்பியது. 2-1 என்னும் கணக்கில் தங்கம் இந்தியாவுக்காயிற்று. அதன் பின் இன்றுவரை ஆசிய விளையாட்டு விழாவின் உதைபந்தாட்டத் தங்கம் இந்தியாவுக்குக் கிட்டியதில்லை.

அவ்வெற்றிக்குப் பின் ஆண்டொன்று நிறைவதற்குள், 1963ஆம் ஆண்டு யூன் 11ஆம் நாள், தமது 53ஆம் வயதில் ரகீம் அவர்கள் காலமானார். அவர் விட்ட இடத்தை நிரப்புவாரில்லை. நாளடைவில் நாடும் அவரை மறந்தது. 2024இல் அவர் வாழ்வைத் தழுவி இந்தித் திரைப்படமொன்று வெளிவந்தபோதே இளந்தலைமுறையினர் பலர் அப்பெயரைக் கேட்டனர். ஆனால் அவரிடம் பயின்ற வீரர் ஒருபோதும் அவரை மறந்ததில்லை. தமக்கு மூப்பு வந்து, ஒருவர்பின் ஒருவராய் மறைந்த காலத்திலும், கிண்ணங்களைப் பற்றிப் பேசியதினும் ஆசிரியரைப் பற்றியே மிகுதியும் பேசினர். உயிரோடிருக்கும் கல்வெட்டுக்கள் அவர்கள்.

தொடக்கத்திற் கூறாது விட்ட காரணத்தை இங்கே கூறுகின்றோம். எம் கழகத்திலும் ஒரு பலராமன் இருந்தான். தூரத்துக் குளத்தடி ஊரொன்றிலிருந்து நடந்து வருவான். எம்முள் யாவரினும் திறமையுடையவன் என்பதை அன்றே அறிந்திருந்தோம். ஒருநாள் வரவில்லை, மறுகிழமையும் வரவில்லை. வயல் வேலைக்குப் போகின்றான் என்றார்கள். யாம் வேறொருவனைச் சேர்த்துக்கொண்டு ஆடினோம். அவன் வீடுவரை சென்று விசாரித்தோமல்லோம். எம்மிடம் துவிச்சக்கரவண்டிகள் இருந்தன. ஒன்றனை அவனுக்கு இரவல் கொடுக்கும் எண்ணம் எவருக்கும் எழவில்லை. ரகீம் அவர்களின் வரலாற்றில் அவ்வாடகைப் பணத்தைப் பற்றிப் படித்த அன்று, எம் தலை தானே தாழ்ந்தது.

2008, 2009ஆம் ஆண்டுகளின் போரால் ஊர் முழுவதும் பெயர்ந்தது. எம் கழகத் தோழருட் சிலர் மண்ணில் மறைந்தனர்; சிலர் கடல் கடந்தனர். மீளக் குடியேறிய பின் வயல்கள் மீண்டும் விளைந்தன. மாலை வேளையிற் சிறுவர் மீண்டும் பந்தடிக்கின்றனர். வெளிநாடுகளில் வாழும் பழைய மாணவர் பந்துகளும் சீருடைகளும் கிண்ணங்களும் அனுப்பி உதவுகின்றனர். அவர்க்கு எம் நன்றி உரியது. ஆயினும் கிண்ணம் கொடுப்பாரினும் மாலைதோறும் மைதானத்தருகே நிற்பார் ஒருவர் வேண்டும். பந்தை வெட்டி ஓடுபவனை நிறுத்தித் தோழனுக்குக் கொடு என்று சொல்லவும், இடக்காலைப் பழக்கவும், வராத பிள்ளை ஏன் வரவில்லை என்று வீடு தேடிச் சென்று கேட்கவும் ஒருவர் வேண்டும்.

அத்தகைய ஒருவராக எம்முட் சிலரேனும் ஆவோமாயின், இவ்விழா மலரும் பொருளுடையதாகும்; ஐதராபாத்து ஆசிரியருக்கு முள்ளியவளையிற் செலுத்தும் வணக்கமும் அதுவேயாகும்.