ஆணியே இல்ல, ஆனாலும் டயர்ல காத்து இறங்குதா? ஒரு மாட்டு டாக்டர் கதையில இருக்கு பதில்!

ஞாயித்துக்கிழமை பெட்ரோல் பங்க்ல 4 டயருக்கும் காத்து அடிச்சுட்டு வர்றீங்க. புதன்கிழமை காலையில பார்த்தா, ஒரு டயர் மட்டும் லேசா தொப்பையைத் தள்ளிக்கிட்டு நிக்குது. குனிஞ்சு சுத்திச் சுத்திப் பார்க்குறீங்க. ஆணி இல்ல, கண்ணாடித் துண்டு இல்ல. திரும்பவும் காத்து அடிக்கிறீங்க, அடுத்த சில நாள்ல திரும்பவும் அதே தொப்பை. எங்கதான் போகுது அந்தக் காத்து?

பெரும்பாலும் மூணே இடம்தான்: ரப்பர், ரிம், வால்வு. இந்த மூணு இடத்தோட தலைவலியும் ஒருத்தர் வாழ்க்கையில வரிசையா வந்திருக்கு. அவர் பேர் உங்களுக்கு நல்லாவே தெரியும். ஜான் பாய்ட் டன்லப். அம்பத்தூர் பக்கம் இருக்கிறவங்களுக்கு அது ஒரு பழைய தொழிற்சாலையோட பேர். ஆனா, அந்தப் பேருக்குச் சொந்தக்காரர் இன்ஜினீயர் இல்லைங்க. கால்நடை மருத்துவர்!

பயந்து பயந்து வாழ்ந்த டாக்டர்

1840 பிப்ரவரி 5-ம் தேதி, ஸ்காட்லாந்தின் டிரெக்ஹார்ன் கிராமத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார் டன்லப். ரெண்டு மாசம் முன்னாடியே பிறந்த குழந்தை என்று வீட்டில் சொல்லிச் சொல்லி வளர்த்ததால், நமக்கு உடம்பு பலவீனம் என்ற நினைப்பு அவருக்குள் ஒட்டிக்கொண்டது. வாழ்நாள் முழுக்க உடம்பைப் பொத்திப் பொத்தித்தான் வைத்திருந்தார்.

எடின்பரோவில் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு, 1867-ல் அயர்லாந்துக்குக் குடிபோனார். பெல்ஃபாஸ்ட் நகரில் அவர் நடத்திய மருத்துவமனை, அந்த நாட்டிலேயே பெரிய கால்நடை மருத்துவமனைகளில் ஒன்றாக வளர்ந்தது. கார் வராத காலம் அது. வண்டி இழுக்கக் குதிரைதான். அதனால் டாக்டருக்கு வேலைக்குக் குறைவே இல்லை.

மகனுக்காக ஒரு டயர்

1887-ம் வருஷம். அவரோட சின்னப் பையன் ஜானி, மூணு சக்கர சைக்கிளில் பெல்ஃபாஸ்ட்டின் கருங்கல் தெருக்களில் தடதடவென்று ஓட்டிக்கொண்டிருந்தான். அப்போதெல்லாம் டயர் என்றால் கெட்டி ரப்பர்தான். ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் இடிக்கும்.

டன்லப் ஒரு மரச் சக்கரத்தை எடுத்தார். மெல்லிய ரப்பர் தகட்டில் ஒரு டியூப் செய்து, அதன்மேல் துணியைச் சுற்றி, துணியை மரத்தோடு ஆணி வைத்து அடித்தார். ஆமாங்க, நம்ம டயருக்கு எமனான ஆணிதான் அவரோட முதல் டயரைப் பிடிச்சு வெச்சிருந்தது! ஃபுட்பால் பம்ப்பால் காத்து அடித்து, அது வெளியே வராமல் குழாயைக் கட்டினார். பிறகு அந்தச் சக்கரத்தையும் ஜானியின் சைக்கிள் சக்கரத்தையும் முற்றத்தில் உருட்டிவிட்டார். சைக்கிள் சக்கரம் பாதியிலேயே சாய்ந்தது. காத்துச் சக்கரம் கடைசிவரை போய், வாசல் தூணில் மோதித் திரும்பியது.

இங்கேதான் உங்க முதல் சந்தேகத்துக்கு இடம் இருக்கு. ரப்பர் காத்தைப் பிடிச்சு வைக்கும், ஆனா முழுசா இல்ல. நல்ல டயர்லகூட மாசத்துக்கு 1, 2 பிஎஸ்ஐ தானா குறையும். 4 டயரும் ஒரே அளவு மெதுவா குறைஞ்சா கவலைப்படாதீங்க. ஒண்ணு மட்டும் வேகமா இறங்கினா, தலை தேஞ்சுபோன சின்ன ஆணி டயர் பட்டனுக்கு நடுவுல ஒளிஞ்சிருக்கலாம். கண்டுபிடிச்சா நீங்களே பிடுங்காதீங்க. பிடுங்கின நிமிஷமே மொத்தக் காத்தும் போயிடும்.

கேலியும் கோப்பையும்

1888-ல் டன்லப்புக்குக் காப்புரிமை கிடைத்தது. 1889 மே 18-ம் தேதி, பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் கல்லூரி மைதானத்தில் சைக்கிள் பந்தயம். வில்லி ஹியூம் என்ற வீரர் டன்லப் டயர் மாட்டிய சைக்கிளோடு வந்தார். அந்தக் குண்டு டயரைப் பார்த்துக் கூட்டம் சிரித்தது. ஹியூம் கலந்துகொண்ட 4 போட்டியிலும் ஜெயித்தார். சிரிப்பு அடங்கியது.

அன்றைக்குத் தோற்றவர்களில் ஹார்வி டு குரோஸ் என்ற டப்ளின் வியாபாரியின் மகன்களும் இருந்தார்கள். அந்த அப்பா கோபப்படவில்லை. டயர் கம்பெனி ஆரம்பித்து டன்லப்பைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டார்.

ஆனால், சந்தோஷம் ரெண்டு வருஷம்கூட நிற்கவில்லை. ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர், 1845-லேயே காத்து டயருக்குக் காப்புரிமை வாங்கியிருந்தது தெரியவந்தது. குதிரை வண்டிக்காக அவர் செய்த அந்த டயர் வியாபாரமாகாமல் மறந்தே போயிருந்தது. டன்லப்புக்கு அதுபற்றி ஒன்றும் தெரியாது. இருந்தாலும் சட்டம் சட்டம்தானே? அவரது காப்புரிமை செல்லாது என்றாகிவிட்டது. இனி யார் வேண்டுமானாலும் காத்து டயர் செய்யலாம்.

ரிம்மும் வால்வும் காப்பாத்தின கதை

கம்பெனியைக் காப்பாற்றியது அந்த டயரில் இருந்த குறைகள்தான்! டன்லப்பின் டயரைச் சக்கரத்தோடு ஒட்டித்தான் வைக்க முடியும். பஞ்சர் ஆனால் மொத்தத்தையும் பிரிக்க வேண்டும். 1890-ல் சார்லஸ் வெல்ச் என்பவர், டயர் ஓரத்தில் கம்பி வைத்து ரிம்மில் கழற்றி மாட்டும் முறையைக் கண்டுபிடித்தார். டு குரோஸ் அந்தக் காப்புரிமையை வாங்கினார். இன்னைக்கு உங்க கார் டயரோட ஓரத்திலும் கம்பிதான் இருக்கு.

ரெண்டாவது சந்தேகம் இந்த ஓரம்தான். ட்யூப்லெஸ் டயர்ல, டயர் ஓரமும் ரிம்மும் இறுக்கமா உட்கார்ந்தாதான் காத்து நிக்கும். ரிம்ல துரு ஏறினாலோ, அலாய் வீல் பள்ளத்துல இடிச்சு நெளிஞ்சாலோ, மயிரிழை இடைவெளி போதும்.

மூணாவது வால்வு. குழாயைக் கட்டி வைக்கும் வேலை ரொம்ப நாள் செல்லாது, இல்லையா? அதற்காகத்தான் ஒருவழி வால்வுகள் வந்தன. நம்ம ஊர் சைக்கிள்ல வால்டியூப் போடுவோமே, அந்த வகைக்குப் பேரே டன்லப் வால்வு. கார்ல இருக்கிறது வேற வகை. ஆனா பிரச்னை ஒண்ணுதான்: உள்ளே இருக்கிற பின்ல மண் சேரும், ரப்பர் இறுகிப்போகும்.

இப்ப உங்க டயருக்கு வருவோம்

கொஞ்சம் சோப்புத் தண்ணி எடுத்துக்கோங்க. டயர்ல காத்து முழுசா இருக்கணும், வண்டி ஓடாம ஆறியிருக்கணும். முதல்ல வால்வு வாய்ல ஊத்துங்க. அடுத்து ரிம்மும் டயரும் சேர்ற ஓரம் முழுக்க. கடைசியா பட்டன் பகுதி. வண்டியைக் கொஞ்சம் கொஞ்சமா நகர்த்தி முழு வட்டமும் பாருங்க. குமிழி வர்ற இடம்தான் குற்றவாளி. மெதுவான கசிவுக்குக் குமிழியும் மெதுவாதான் வரும், ஒரு நிமிஷம் பொறுமையா கவனிங்க. எதுவும் தெரியலைன்னா, சக்கரத்தைக் கழட்டி பஞ்சர் கடை அண்ணன்கிட்ட கொடுங்க. அவர் தண்ணித் தொட்டி பொய் சொல்லாது.

வால்வுன்னா பின் மாத்தினா போதும், சின்ன செலவு. ஓரம்னா டயரைக் கழட்டி ரிம்மைச் சுத்தம் பண்ணணும். ஆனா அப்புறம் பார்த்துக்கலாம்னு மட்டும் தள்ளிப்போடாதீங்க. காத்து குறைஞ்ச டயர் அதிகமா மடங்கும், சூடாகும். பைபாஸ்ல வேகமா போகும்போது அதுதான் வெடிக்கும்.

டன்லப் என்ன ஆனார்னு கேட்கிறீங்களா? 1890-களின் நடுவில் தன் பங்கை விட்டுக்கொடுத்து விலகினார். 1896-ல் அந்தக் கம்பெனி 30 லட்சம் பவுண்டுக்குக் கைமாறியது. அந்தப் பெரும் பணத்தில் அவருக்குப் பங்கு இல்லை. டப்ளினில் ஒரு துணிக்கடை வியாபாரத்தில் பங்கு வைத்துக்கொண்டு அமைதியாக வாழ்ந்தார். வாழ்நாளெல்லாம் உடம்புக்குப் பயந்த அந்த மனிதர், பெரிய நோய் எதுவும் இல்லாமல் 81 வயசு வரை இருந்து, 1921 அக்டோபர் 23-ல் இறந்தார்.

காப்புரிமை போச்சு, கம்பெனியும் போச்சு. பேர் மட்டும் டயர்ல நின்னுடுச்சு. நாளைக்குக் காலையில வண்டி எடுக்கிறதுக்கு முன்னாடி, அந்தத் தொப்பை டயர்கிட்ட ஒரு மக் சோப்புத் தண்ணியோட போய் நில்லுங்க!