படைப்பள்ளியில் நெப்போலியன்

நெப்போலியன் 1769ஆம் ஆண்டு கார்சிகாத் தீவில் பிறந்தான். ஒன்பது வயதில், அரசரின் பொருளுதவி பெற்று, பிரான்சு நாட்டின் பிரியேன் நகரப் படைப்பள்ளியிற் சேர்ந்தான். பிரெஞ்சு மொழி அவனுக்குப் புதிது. அவனுடைய பேச்சையும் வறுமையையும் செல்வர்வீட்டுச் சிறுவர் எள்ளி நகையாடினர். அவனோ தனித்திருந்து வரலாற்று நூல்களைக் கற்றான். கணக்கிற் சிறந்து விளங்கினான்.

ஒரு குளிர்காலத்திற் பனி மிகுதியாகப் பெய்தது. மாணாக்கர் விளையாட இடமின்றி வாடினர். நெப்போலியன் அப்பனியைக் கொண்டே அரண்களும் அகழிகளும் அமைப்பித்தான்; தோழரை இரு படையாக்கித் தாக்குதலைத் தானே நடத்தினான். பனியுருண்டைகளிற் கற்களும் கலந்து பலர் காயமுற்றனர். பதினைந்து நாள் நடந்த பின்னரே அப்போர் ஓய்ந்ததாம். உடன் பயின்ற ஒருவர் பிற்காலத்தில் எழுதிய செய்தி இது. எள்ளிய வாய்களே அன்று அவன் ஆணைக்குக் காத்திருந்தன போலும்!

1784இல் அவன் பாரிசுப் படைப்பள்ளியை அடைந்தான். மறு ஆண்டு தந்தை இறந்தார். குடும்பமோ பெரிது, வருவாயோ சிறிது. நெடுநாள் கற்க இயலாதெனக் கண்ட நெப்போலியன், ஓராண்டிலேயே பீரங்கிப்படைத் தேர்வை எழுதினான். தேறிய 58 பேருள் அவன் பெற்ற இடம் 42. பதினாறு வயது இளைஞன், இரண்டாம் லெப்டினன்டு என்னும் பதவியோடு வலான்சு நகருக்குப் புறப்பட்டான்.