கொல்லிமலைப் பிள்ளைகளின் பிராண்ட் பாட்டி

ஒரு பிள்ளையைக் கண்டதும் நம் ஊர்ப்புறங்களில் முதலில் எழும் கேள்வி, நீ யார் வீட்டுப் பிள்ளை என்பது. கேட்பவர் உறவினராயின் அதில் அன்பு இருக்கும். கேட்பவர் வேறு தெருவினராயின் அதே கேள்வி பிள்ளையைத் தள்ளி நிறுத்தும் கோலாக மாறுவதும் உண்டு. நம் சமுதாயத்தில் பிறந்து பள்ளி சென்ற எவருக்கும் இதனை விளக்க வேண்டுவதில்லை. தாயும் தந்தையும் அற்ற குழந்தையோ அக்கேள்விக்கு விடையின்றி விழிக்கும். அத்தகைய குழந்தைகளுக்குக் கொல்லிமலையில் விடையாக வாழ்ந்தவர் எவலின் பிராண்ட் அம்மையார். அவர் நம் இனத்தவர் அல்லர். நம் நாட்டவரும் அல்லர். அவர் உழைத்தது மலைவாழ் மலையாளி மக்களிடையே. எனினும் பிள்ளைகளை விடுதியில் சேர்த்துக் கற்பிக்க முயலும் நம்மனோர் அவர் செய்தவற்றிலிருந்தும், அவர் குடும்பம் பட்ட துன்பத்திலிருந்தும் அறிய வேண்டியன பல உள.

இலண்டன் மாநகரில் 1879 ஆம் ஆண்டு செல்வக் குடும்பமொன்றில் பிறந்தவர் எவலின். ஓவியம் பயின்றவர். முப்பது வயதைக் கடந்த பின்னரே தமிழகம் வந்து தமிழ் கற்றார். 1913 இல் ஜெஸ்ஸி பிராண்ட் என்னும் சமயப் பணியாளரை மணந்து அவருடன் கொல்லிமலை ஏறினார். இன்று எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பேருந்து மேலே போய்விடுகின்றது. அன்று நடை, அன்றேல் டோலி. மலைக் காய்ச்சலுக்கு அஞ்சிய காலம் அது. கட்டட வேலை அறிந்திருந்த ஜெஸ்ஸி, கரையான் ஏறாதவாறு கால்கள் நட்டு, வாழவந்தியில் மரவீடு ஒன்றை எழுப்பினார். வாழ வந்தவர்க்கு வாழவந்தி என்னும் ஊர் வாய்த்தது தற்செயலே. ஆயினும் பொருத்தமான பெயர்தான்.

இருவரும் மருந்து கொடுத்தனர், பள்ளி நடத்தினர், கைத்தொழில் பழக்கினர். மக்கள் மருந்தைப் பெற்றுக்கொண்டனரேயன்றி மனத்தைத் திறக்கவில்லை. ஆண்டுகள் பல சென்றும் ஒருவரும் அவர்தம் சமயத்திற் சேரவில்லை. பூசாரி ஒருவர் வெளிப்படையாகவே எதிர்த்து நின்றார். அவரைக் குறை கூற நாம் விரும்பவில்லை; தம் மக்களிடையே அயலார் வந்து புகுவதைக் கண்டவர் வேறு எவ்வாறு நடந்திருப்பார்?

முதல் உலகப் போரின் முடிவில் பரவிய நச்சுக்காய்ச்சல் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரை மாய்த்தது. மலையையும் அது விட்டுவைக்கவில்லை. நோயுற்றாரை நெருங்கவே பிறர் நடுங்கிய நாட்களில் பிராண்ட் தம்பதியர் கஞ்சி காய்ச்சிச் சுமந்து ஊர் ஊராகச் சென்றனர். எதிர்த்து நின்ற பூசாரியின் குடிலுக்கும் சென்றனர். அவரும் அவர் மனைவியும் பிழைக்கவில்லை. இறக்குமுன் அவர் தம் கைக்குழந்தையை அவ்விருவரிடமே ஒப்படைத்தார். தம் எதிரியின் வீட்டில்தான் தம் மகள் வாழ்வாள் என்று ஒரு தந்தை முடிவு செய்வது எளிய செயலன்று. அக்குழந்தைக்கு ரூத் எனப் பெயரிட்டு, தம் மக்களான பாலும் கானியும் வளர்ந்த அதே வீட்டில் எவலின் வளர்த்தார். அதன் பின்னர் பெற்றோரை இழந்த குழந்தைகளும், வளர்க்க இயலாதார் விட்டுச்சென்ற குழந்தைகளும் அவ்வீட்டை வந்தடைந்தன.

இங்கு ஒன்றை மறையாது கூறுவோம். அக்குழந்தைக்கு அயல்நாட்டுப் பெயரும், பெற்றோர் அறியாத சமயமும் வந்து சேர்ந்தன. வீடு கிடைத்தது, குலமும் கும்பிட்ட தெய்வமும் அகன்றன. இதனை இழப்பென்று கொள்வோரும் உளர். அவர் கருத்தை நாம் ஒதுக்கிவிட இயலாது. ஆனால் அந்நாளில் அக்குழந்தையை எடுத்துக்கொள்ள வேறு கை நீளவில்லை என்பதும் மெய்யே.

இனி, அம்மையாரின் சொந்த மக்களைப் பற்றிக் கூற வேண்டும். 1914 இல் பிறந்த பால், மலைப் பிள்ளைகளோடு மலைப் பிள்ளையாகவே வளர்ந்தான். மரத்தின்மேல் அமர்ந்தே கணக்குப் போடுவான். கீழிருந்து தாய் திருத்திக் கொடுப்பார். 1923 இல் விடுமுறைக்கு இங்கிலாந்து சென்ற பெற்றோர், படிப்பின்பொருட்டு ஒன்பது வயதுப் பாலையும் அவன் தங்கை கானியையும் இலண்டனில் தாய்வழி உறவினரிடம் விட்டுவிட்டு மலைக்குத் திரும்பினர். உணவுக்கும் உடைக்கும் அங்குக் குறைவில்லை, அன்பிற்கும் குறைவில்லை. எனினும் பெரிய வீட்டில் அச்சிறுவன் அயலானாகவே இருந்தான். தாயையும் தந்தையையும் அவனோடு பிணைத்து வைத்தவை கடிதங்களே. மலையின் மரங்களையும் பூச்சிகளையும் பற்றித் தந்தை விரிவாக எழுதுவார்.

1929 சூன் திங்களில் ஜெஸ்ஸி, கருநீர்க் காய்ச்சலால் வாழவந்தியில் மறைந்தார். தந்தி இலண்டனை அடைந்துவிட்டது. கப்பலில் வந்துகொண்டிருந்த கடிதங்களோ அதற்குப் பின்னரும் வாரக்கணக்கில் வந்து சேர்ந்தன. இறந்த தந்தை எழுதிய கடிதத்தைப் பதினான்கு வயதுப் பிள்ளை பிரித்துப் படித்த நிலையை எண்ணிப் பார்க்கின்றோம். பின்னர்த் தாய் வந்தபோது, துயரால் முதுமையடைந்து நின்ற அவரைத் தம் தாயென்று ஏற்கவே தமக்குத் திகைப்பாயிருந்தது என்று பால் பிற்காலத்தில் எழுதியுள்ளார். பிறர் பிள்ளைகளுக்கு வீடளித்த தாயின் பிள்ளை, வீட்டை நினைந்து ஏங்கி வளர்ந்தது. இதில் எவர்மீதும் பழி சுமத்த நாம் முன்வரவில்லை. ஆனால் ஐந்து வயது, ஆறு வயதுப் பிள்ளைகளை விடுதி வாயிலில் விட்டுச்செல்லும் பெற்றோரையும், பெற்றுக்கொள்ளும் நம்மையும் இந்த இலண்டன் வீடு கேள்வி கேட்கின்றது. சோறும் பாயும் கொடுத்துவிட்டால் பிள்ளை நம்முடையதாகிவிட்டது என்று நாம் எண்ணிக்கொண்ட நாட்கள் இல்லையா? மாதத்திற்கொரு கடிதம், பொங்கலுக்கு வீடு, பெயர் சொல்லி அழைக்கும் ஒரு காப்பாளர்: இவை செலவு மிகுந்தனவல்ல.

அப்பிள்ளை மருத்துவரானார். 1946 இல் வேலூர் வந்து, தொழுநோயால் முடங்கிய கைகளுக்கு அறுவை செய்யும் முறையை வளர்த்தார். கை நிமிர்ந்த பின்னும் ஊரார் ஏற்காமையால் போக்கிடமின்றி நின்றவர்களுக்காக 1951 இல் புதுவாழ்வு நிலையம் அமைத்துத் தொழில் கற்பித்தார். விரலை நிமிர்த்தினால் மட்டும் மனிதன் ஊரோடு சேர்ந்துவிடுவதில்லை என்பதை அவர் உணர்ந்தமைக்கு அந்த இலண்டன் நாட்களும் காரணமாயிருக்கலாம் என்பது நம் எண்ணம்.

கணவரை இழந்த எவலின் மீண்டும் தமிழகம் திரும்பினார். சங்கத்தார் அவரைச் சமவெளிப் பணியிலேயே நிறுத்தினர். ஏறத்தாழ எழுபது வயதில் ஓய்வு கொடுத்தனர். அம்மையார் அதனை மலைக்குத் திரும்பும் உரிமையாகவே கொண்டார்! கொல்லிமலையில் சிறு குடில் அமைத்துத் தங்கினார். பின்னர் கல்வராயன், பச்சைமலை, சித்தேரி என்று மலைதோறும் சென்றார். மட்டக்குதிரையில் ஏறுவார், இயலாதபோது இரு மூங்கிற்கோல்களை ஊன்றி நடப்பார். கடைசி இருபது ஆண்டுகள் வீட்டில் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை. ஓவியம் பயின்ற கண்களுக்குத் தம் முகத்தின் சுருக்கங்கள் தேவைப்படவில்லை போலும். துரைசானி என்னும் பழைய முறையில் அன்றி, பாட்டி என்னும் உறவு முறையால் அவரைச் சுட்டும் வழக்கம் நிலைத்தது. யார் வீட்டுப் பிள்ளை என்னும் கேள்வியைப் போலவே, யார் வீட்டுப் பாட்டி என்பதற்கும் அம்மலைகளில் விடை இருந்தது.

1974 திசம்பர் திங்களில், தொண்ணூற்றைந்தாம் வயதில் அவர் மறைந்தார். உடலை மலைமேல் கொண்டுசென்று, நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஜெஸ்ஸியைப் புதைத்த இடத்தின் அருகில் அடக்கம் செய்தனர்.