கத்தியை ஆராய்ந்த கொல்லர் மகன்

கத்தி துருப்பிடிக்காமல் இருக்க என்ன வழி? மேலே முலாம் பூசுவதா? உருக்கையே மாற்றுவதா? இரண்டுக்கும் உதவும் ஆராய்ச்சி செய்தவர் விஞ்ஞானி மைக்கேல் பாரடே.

1791-ல் இங்கிலாந்தில் ஓர் ஏழைக் கொல்லரின் மகனாகப் பிறந்தார். சிறு வயதிலேயே புத்தகம் பைண்டு செய்யும் கடையில் சேர்ந்தார். பைண்டு செய்ய வந்த புத்தகங்களைப் படித்தே அறிவு பெற்றார். 1813-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளர் ஆனார்.

நம் நாட்டு உருக்குக்கு அப்போது அங்கே பெரும் மதிப்பு. வூட்ஸ் என்று அதை அழைத்தார்கள். கத்தி செய்யும் ஸ்டோடார்ட் என்பவருடன் சேர்ந்து பாரடே அதை ஆராய்ந்தார். 500 பங்கு உருக்குக்கு 1 பங்கு வெள்ளி சேர்த்துக் கெட்டியான உருக்கு செய்தார். பிளாட்டினமும் சேர்த்துப் பார்த்தார். ஆனால் அதன் விலையோ அதிகம்!

மின்சாரத்தால் உலோகம் எவ்வளவு படியும் என்ற விதியையும் 1830-களில் கண்டார். இன்றைய வெள்ளி முலாம், நிக்கல் முலாம் வேலைக்கு அதுவே கணக்கு.

முலாம் துருவைத் தடுக்கும், பளபளப்பும் தரும். ஆனால் சாணை பிடித்தால் கூரான ஓரத்தில் அது தேய்ந்துவிடும். வெட்டுவது உள்ளே இருக்கும் உருக்குதான். ஆகவே கீரப்பாளையத்துச் சமையற்கட்டிலும் சரி, லண்டனிலும் சரி, இரும்புக் கத்தியைக் கழுவியதும் ஈரம் போகத் துடைத்து, எண்ணெய் தடவி வைப்பதே நல்லது.

பாரடே 1867-ல் காலமானார். உலகப் புகழ் பெற்ற அவர் பள்ளியில் படித்தது மிகச் சொற்பமே!